பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்ததில் கிடைத்தது. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம்.

செப்டம்பர் மாதம். டாலஸுக்குக் கிழக்கே எங்கள் தெருவில் மழையைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. பக்கத்து வீட்டு ராய்ஸ் டில்மன், எழுபதைத் தாண்டியவர், தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாகத் தன் வீட்டுக் கொல்லையில் நின்று ஹோஸில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கொல்லையில் இருப்பது பிளாஸ்டிக் புல். கோடை தொடக்கத்தில் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்து, விரித்து, ஓரத்தில் ஆணி அடித்துவிட்டுப் போன புல்.

பின்சந்து வழியாக நாயைக் கூட்டிக்கொண்டு போன டுவெய்ன் நின்று வேடிக்கை பார்த்தான்.

"ராய்ஸ்! அப்படியே கொஞ்சம் உரமும் தூவிவிடு. நவம்பருக்குள்ள இடுப்பளவு வளந்துரும்."

"சூட்டைத் தணிக்கிறேன்டா. வெறுங்காலை வெச்சுப் பாரு, கொப்பளிச்சுரும்."

"வெறுங்காலோட யாரு வரப்போறா?"

ராய்ஸ் ஹோஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

சூட்டைத் தணிப்பதாகச் சொன்னது பொய். பிளாஸ்டிக் புல் வெயிலில் தோசைக்கல்லாகக் காய்வது உண்மைதான். ஆனால் அவர் தண்ணீர் விட்டது புல்லுக்கே இல்லை. எதற்கு என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவர், அவர் மனைவி நெல்டா, நான். தெரிந்த விஷயத்தை வாயில் அடக்கிக்கொண்டு சும்மா இருக்கிற சுபாவம் எனக்கு வாய்க்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.

உட்கார்ந்ததும் ஆரம்பம் வரவில்லை. கிழித்துப் போட்டவற்றில் சில:

"பிப்ரவரி மழையில் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு நெல்டா வெளியே வந்தபோது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, இன்னும் சற்று நேரத்தில்..." [பின்னால் வரப்போவதை முன்னாலேயே காட்டிப் பயமுறுத்துகிற வேலை. வேண்டாம்.]

"களிமண்ணுக்கு ஞாபகசக்தி உண்டு." [கிடையாது. களிமண்ணுக்கு ஈரம் உண்டு அல்லது ஈரம் இல்லை, அவ்வளவுதான். தேநீர் கொஞ்சம் கூடிப்போனால் இந்த மாதிரி வாக்கியம் வந்துவிடுகிறது.]

"ராய்ஸ் டில்மன் தண்ணீரை வெறுத்தார்." [இது உண்மை. ஆனால் முதல் வரியாக வைத்தால் மனிதரைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். எடுத்து வைத்திருக்கிறேன், பின்னால் தேவைப்படும்.]

சரி, நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு கரிசல் மண்ணில் இருக்கிறது. கரிசல் என்றதும் உங்களுக்குப் பருத்தியும் கோவில்பட்டியும் ஞாபகம் வரும். இங்கேயும் ஒரு காலத்தில் பருத்திதான். பிறகு வீடு கட்டிவிட்டார்கள். மழையில் இந்த மண் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பாக ஒட்டும். தண்ணீரைக் குடிக்கவும் குடிக்காது, போகவும் விடாது. வெயிலில் கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும். டில்மன் வீட்டுக் கொல்லை ஒரு தாம்பாளம்: ஓரம் உயரம், நடு தாழ்வு. அந்தத் தாழ்வும் சரியாகச் சமையலறைக் கதவுக்கு நேரே. ஒரு மழைக்கு ஒரு வாரம் தண்ணீர் நிற்கும். புல் அழுகிச் சேறாகும். கொசு வரும்.

"அடுத்த வசந்தத்துல சரி பண்ணிடறேன்" என்று ராய்ஸ் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். 

"அவன் சொன்ன வசந்தத்தையெல்லாம் சேத்து வெச்சிருந்தா இந்த ஊருக்குக் குளிர்காலமே வந்திருக்காது, கண்ணு" என்று நெல்டா என்னிடம் சொன்னாள்.*

* இங்கே ஒரு சங்கடம். நெல்டா தன் கணவரை 'அவன்', 'நீ' என்பாளா, 'அவர்', 'நீங்க' என்பாளா? அவர்கள் மொழியில் இந்தத் தொல்லை இல்லை. முதல் படியில் 'நீங்க' போட்டு எழுதிப் பார்த்தேன். நெல்டா உடனே கணவனுக்குக் காபி ஆற்றிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அடித்துவிட்டேன். அவள் 'நீ'தான் சொல்வாள். மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை; பழக்கம்.

3.

பிப்ரவரியில் ஒரு காலை, பறவைகளுக்குத் தீனி போட நெல்டா சமையலறைக் கதவைத் திறந்து இறங்கினாள். சேற்றில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ராய்ஸ் உள்ளே டிவியைச் சத்தமாக வைத்து வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்டது கேட்கவில்லை. காபி தீர்ந்து இன்னொரு கோப்பைக்காக எழுந்து வந்தபோதுதான் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தார். [அவள் எவ்வளவு நேரம் சேற்றில் கிடந்தாள் என்று நான் எழுதப்போவதில்லை. ராய்ஸுக்குத் தெரியும். அவருக்குத் தெரிவதே போதும்.]

ஆஸ்பத்திரி, அறுவை, நடைப்பயிற்சி எல்லாம் முடிந்து வசந்தத்தில், பிடித்து நடக்கிற நாலுகால் வாக்கரோடு வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்குள் நடந்தாள். ராய்ஸின் கையைப் பிடித்து முன்வாசல் வழியாக இறங்கிக் காரில் ஏறி சர்ச்சுக்குப் போனாள். சமையலறைக் கதவுப் பக்கம் மட்டும் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கொல்லையில் பீக்கான் மரத்தடியில் அவளுடைய இரும்பு நாற்காலி சும்மா கிடந்தது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து காலைக் காபியை அவள் அங்கேதான் குடிப்பாள்.

ராய்ஸ் பிளாஸ்டிக் புல் போடுகிற எலிசியோவுக்குப் போன் செய்தார். சேறு ஆகாத தரை வேண்டும், வாக்கரின் கால் புதையாத தரை. அவள் நாற்காலி வரைக்கும்.

எலிசியோ வந்து கொல்லையைக் காலால் இரண்டு மிதி மிதித்துவிட்டு அளந்து முடித்தான். வாய் பெரிய ஆள்.

"தலைவரே, பழைய புல்லை உரிச்சு, நாலு விரக்கடைக்கு ஜல்லித்தூளைக் கொட்டி, திமுசு போட்டு இறுக்கி, மேல விரிச்சுருவோம். ஞாயித்துக்கிழமை நீங்க அதுல நின்னு கறி சுடலாம்."

"தண்ணி எங்க போகும்?"

"புல்லுல ஓட்டை இருக்கு தலைவரே. கீழ போயிரும்."

"கீழ போயி?"

"கீழ போயி... கீழதான்."

ராய்ஸ் அவனை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முந்தின சாயங்காலம் அங்கே ஒரு குழி தோண்டித் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார். ஊற்றினது ஊற்றினபடி இருந்தது. ஒரு வண்டு நீந்திக்கொண்டிருந்தது.

"ஒரு வாய் குடிக்கல பாத்தியா? இதுக்கு மேல ஜல்லியைக் கொட்டினா சட்டிக்குள்ள ஜல்லி. அதுக்கு மேல ஒரு பச்சைத் துணி. ஒரு மாசத்துல நாறும்."

"அப்ப வடிகால் போடணும். நம்ம பசங்க போடுவாங்க."

"உன் பசங்க வேண்டாம். நான் போட்டுக்கறேன். நீ அப்புறம் வா."

ராய்ஸ் மாவட்டச் சாலை இலாகாவில் கிரேடர் ஓட்டியவர். மண் ரோட்டைச் சீவி, நடுவைத் தூக்கி, இரண்டு பக்கமும் வாட்டம் கொடுத்துத் தண்ணீரை ஓரத்துக்குத் துரத்துகிற வேலை. "ரோடு கெடறது லாரியால இல்லம்மா, தண்ணியால" என்று வேலிக்கு மேலே என்னிடம் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு துரத்துவதற்குத் தண்ணீர் இல்லாமல் மனிதர் கொஞ்சம் வாடித்தான் போயிருந்தார். இப்போது வேலை கிடைத்துவிட்டது.

முதலில் வீட்டை ஒட்டி மண்ணைக் கொட்டி உயர்த்தி, வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக வாட்டம் எடுத்தார். பிறகு சமையலறைச் சுவரை ஒட்டியே ஒரு பள்ளம். அது என் வேலியோரமாகத் திரும்பிப் பின்சந்து வரை போனது. வீட்டுப் பக்கம் ஆழம் குறைவு, சந்துப் பக்கம் ஆழம் அதிகம். களிமண் மண்வெட்டியை விட்டு இறங்க மறுத்தது. வாளியில் தண்ணீர் வைத்து, வெட்டுக்கு ஒரு முறை மண்வெட்டியை நனைத்துக்கொண்டார். ரசமட்டத்தை ஒரு நீளப் பலகையில் கட்டி, அதை வைத்து வைத்துப் பார்த்தார். பள்ளத்தில் வடிகட்டித் துணியை விரித்து, ஜல்லி போட்டு, ஓட்டை போட்ட பைப்பை ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி படுக்க வைத்து, மேலும் ஜல்லி நிரப்பி, துணியை இழுத்து மூடினார். களிமண் உள்ளே வந்து ஜல்லியை அடைத்துவிடக் கூடாதே. கூரைத் தண்ணீருக்குத் தனியாக ஓட்டை இல்லாத பைப்.

[ஒரு படியில் இந்தத் தண்ணீர் முழுக்க என் கொல்லைக்கு வருவதாக எழுதினேன். வேலிச் சண்டை, போலீஸ், நானும் ராய்ஸும் முகத்தைத் திருப்பிக்கொள்வது. கதைக்குச் சூடு வேண்டுமே என்ற ஆசைதான். உண்மையில் அவர் பள்ளம் தோண்டுவதற்கு முன்னாலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் கதவைத் தட்டி, "உங்க பக்கம் ஒரு சொட்டு வராதும்மா, சந்துக்குத்தான் கொண்டு போறேன்" என்றார். சண்டையை எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்தேன்.]

சோதித்துப் பார்க்கும் நாளில் என்னைச் சந்தில் நிற்கச் சொன்னார். அவர் வீட்டுப் பக்கம் ஹோஸைத் திறந்துவிட்டார். பைப்பின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒரு நூல், பிறகு விரல் தடிமனுக்குத் தண்ணீர்.

"வந்துருச்சு!" என்று கத்தினேன்.

அந்த வயதில் ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். அவ்வளவு சந்தோஷமான மனிதரை நான் சமீபத்தில் பார்க்கவில்லை.

4.

இப்போது தவறு. இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

எங்கள் ஊரில் கோடையில் வீட்டுக்குத் தண்ணீர் விடுவார்கள். செடிக்கு விடுவது வேறு. நான் சொல்வது வீட்டுக்கு. கரிசல் காய்ந்தால் சுருங்கும். அதன் மேல் உட்கார்ந்திருக்கிற கான்கிரீட் தளம் அந்தப் பக்கம் இறங்கும். சுவர் கீறும், கதவு சிக்கும். அதனால் மே மாதம் வந்தால் எல்லோரும் அஸ்திவாரத்தைச் சுற்றிக் கசிகிற கறுப்பு ரப்பர் குழாயைப் போட்டு, மழை வரும்வரை மண்ணை ஈரமாக வைத்திருப்பார்கள். இதற்கு 'வீட்டு ஹோஸ்' என்று பேர். பல் விளக்குவது மாதிரி. யாரும் இதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை.

வடிகால் முடிந்ததும் எலிசியோ ஆட்களோடு வந்தான். சுவரோரம் கிடந்த வீட்டு ஹோஸைத் தூக்கிப் பிடித்தான்.

"தலைவரே, இதை எங்க போட? புல்லு விரிச்சா அடியில மாட்டிக்கும்."

"தூக்கிக் கடாசு."

"கோடைக்கு?"

"அந்தக் கதவுகிட்ட இனிமே ஒரு சொட்டுத் தண்ணி வரக் கூடாது."

எலிசியோ அவரைப் பார்த்தான். தோளைக் குலுக்கினான். "உங்க வீடு, உங்க தண்ணி" என்று சொல்லி ஹோஸைச் சுருட்டி என் வேலியில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனான்.

இந்த இடத்தில் எனக்கே என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. மண்ணையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர் இப்படிச் செய்வாரா? சுவரை ஒட்டி ஈரத்தை உறிஞ்சுகிற பள்ளத்தையும் வெட்டி, ஹோஸையும் தூக்கிப் போடுவாரா? மறந்துவிட்டார் என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வயதாகிவிட்டது என்று எழுதினேன், அது அவமரியாதை. எடுத்து வைத்திருந்த வரி இப்போது உதவுகிறது.

ராய்ஸ் டில்மன் தண்ணீரை வெறுத்தார். அந்தக் கதவோரத்துத் தண்ணீரை. துரத்திக்கொண்டே போனவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

5.

ஜூனில் ஒரு பெருமழை. பக்கெட்டைக் கவிழ்த்தது போல் கொட்டியது. ராய்ஸ் குடையோடு சந்தில் நின்றுகொண்டிருந்தார். பைப் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. கொல்லையில் ஒரு குட்டைகூட இல்லை.

"நெல்டா! வந்து பாரு!"

"இங்கேர்ந்தே கேக்குது" என்றாள் நெல்டா உள்ளேயிருந்து. "அவசரப்படுத்தாதே."

அவர் அவசரப்படுத்தவில்லை. ஜூலையில் அவள் நாற்காலி பாதி திரும்பியிருந்ததை என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். முதுகு போய் இப்போது தோள் மட்டும் கதவைப் பார்த்தது. ஆகஸ்டில் முழுக்கத் திரும்பிவிட்டது. ஜன்னல் கண்ணாடி வழியே பீக்கான் மரத்தைப் பார்த்தபடி காபி குடித்தாள். அந்த மாதம் முழுக்கத் தெருவில் எல்லார் கொல்லையும் பிளந்துகொண்டிருந்தது. டில்மன் கொல்லை மட்டும் பச்சையாக, தட்டையாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கீறல் இருந்தால்தான் என்ன, மேலே புல் மூடியிருக்கிறதே.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை. ராய்ஸ் கூடத்தில் இருந்தார், டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். பிப்ரவரியிலிருந்து அவர் டிவியில் சத்தம் வைப்பதில்லை.

நெல்டா காபியை மேசையில் வைத்தாள். வாக்கரைப் பிடித்து எழுந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. [இந்த நாலு எட்டுக்கு அவள் எத்தனை மாதம் தயாரானாள் என்பதை நான் விவரிக்க முயன்று மூன்று பத்தி எழுதினேன். மூன்றும் மிகை. நடந்தாள், போதும்.] தாழ்ப்பாளை நீக்கினாள். குமிழைத் திருகி இழுத்தாள். கதவு வரவில்லை. இன்னொரு முறை பலமாக இழுத்தாள். வாக்கர் நகர்ந்தது, மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராய்ஸ்!"

இந்தத் தடவை கேட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கதவுல ஆணி அடிச்சியா?"

"என்னது?"

"நான் வெளிய போயி மறுபடி விழுந்துருவேன்னு அடைச்சு வெச்சிருக்கியா? சொல்லு. பச்சைப் புல்லை விரிச்சுக் காட்டிட்டு, கதவை அடைச்சு வெச்சிருக்கே."

"நெல்டா, நான் எதுக்கு..."

"நான் கோழியா, கூண்டுல அடைக்க?"

ராய்ஸ் குமிழைப் பிடித்து இழுத்தார். சுவரில் காலை ஊன்றி இழுத்தார். அப்புறம் நிமிர்ந்து மேலே பார்த்தார். ஒரு மூலையில் கதவு நிலைச்சட்டத்தில் கடித்துக்கொண்டிருந்தது. எதிர் மூலையில் இடைவெளி; வெளிச்சம் தெரிந்தது. இந்த ஊரில் பிறந்தவருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். மண்டியிட்டு, புல்லின் ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவே விரலை நுழைத்தார். விரல் போயிற்று. கை போயிற்று. முழங்கை வரை போன பிறகும் ஈரம் தட்டுப்படவில்லை.

திரும்பி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஆணி இல்ல. வீடு இறங்கிருச்சு."

"ஏன் இறங்குது?"

"ஹோஸ் போடல."

"ஆயுசு பூரா போட்ட ஹோஸை இந்த வருஷம் மறந்துட்டியா?"

"மறக்கல." மேசையைப் பார்த்தார். "அந்த இடத்துல தண்ணியைப் பாத்தா, நீ கிடந்தது தெரியுது."

நெல்டா சிரிக்க ஆரம்பித்தாள். "கிரேடர்காரா, வீட்டையே ரோடாக்கிட்டியே" என்றாள். ராய்ஸ் சிரிக்கவில்லை. அழுதார். அவள் வாக்கரைத் தள்ளிவிட்டு மேசையைப் பிடித்தபடியே வந்து, அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளும் அழுதாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

6.

[நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முன்வாசல் இருக்கிறதே, சுற்றிக்கொண்டு போனால் என்ன? ராய்ஸும் அதைத்தான் கேட்டார். "இந்தக் கதவு வழியா போயித்தான் விழுந்தேன், இந்தக் கதவு வழியாத்தான் போவேன்" என்றாள். உங்களுக்கு வேறு யோசனை இருந்தால் அவளிடமே சொல்லிக்கொள்ளுங்கள்.]

ராய்ஸ் கராஜிலிருந்து இழைப்புளியை எடுத்து வந்தார்.

"அது எதுக்கு?"

"மேல ஒரு நூலு இழைச்சுட்டா இன்னிக்கே திறந்துரும்."

"ஆகஸ்டுல கதவை இழைக்கிறவன் நீ ஒருத்தன்தான். மழை வந்து வீடு எழும்பினா அந்த இடுக்குல பாம்பு புகுந்து வரும். கதவை விடு. வீட்டை ஏத்து."

"எப்ப ஏறும்னு யாருக்குத் தெரியும்?"

"ஏறும்போது ஏறட்டும். அதுவரைக்கும் நீ இந்தக் கதவைத் தொடாதே. தினம் இழுத்து இழுத்துப் பாத்து நிலையையே பேத்துருவ. உன்னை எனக்குத் தெரியும்."

அவர் சத்தியம் செய்து கொடுத்தார். என் வேலி ஆணியிலிருந்து வீட்டு ஹோஸை எடுத்துச் சுவரோரம் போட்டார். அது கசிவது போதாதென்று கையிலும் ஒரு ஹோஸைப் பிடித்துப் புல்லின் மேலேயே விட்டார். தண்ணீர் ஓட்டை வழியே இறங்கி, ஜல்லியில் புகுந்து, பைப்பில் சேர்ந்து, அழகாகச் சந்தில் போய் விழுந்தது. மண்ணுக்கு ஒரு மடக்குக்கூட மிஞ்சவில்லை. சந்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நல்லா வேலை செய்யும்னு நான் நினைக்கலம்மா" என்றார் என்னிடம். பெருமையும் எரிச்சலும் ஒரே குரலில் வந்தன.

கடைக்குப் போய் ஒரு ரப்பர் மூடி வாங்கி வந்தார். தன் கையால் வெட்டிய வடிகாலின் வாயைத் தன் கையாலேயே அடைத்தார். பள்ளம் நிரம்பினால்தான் சுவரடி மண் குடிக்கும்.

"நான் இல்லாத நேரம் பெருமழை வந்தா ஓடி வந்து இந்த மூடியைப் பிடுங்கிடுங்கம்மா. மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. மழைதான் வரவில்லை. ஆக, முதல் பகுதியில் நீங்கள் பார்த்த மனிதர் தண்ணீர் விட்டது ஒரு கதவுக்கு. இதை டுவெய்னிடம் விளக்க முடியுமா? அதனால்தான் சூடு, கொப்பளம் என்றெல்லாம் கதை விட்டார்.

7.

முடிவுக்கு மூன்று படி வைத்திருந்தேன்.

முதலாவது: அக்டோபரில் மழை வருகிறது, வீடு எழும்புகிறது, கதவு தானாகத் திறக்கிறது, நெல்டா காபியோடு மரத்தடியில் உட்கார்கிறாள். [வாக்கரைப் பிடித்துக்கொண்டு காபியை எப்படிக் கொண்டுபோவாள்? இதைக்கூட யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்.]

இரண்டாவது: கதவு திறப்பதற்குள் நெல்டா இறந்துவிடுகிறாள். [எழுதுவதற்குச் சுலபம். பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். அவள் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பன்றிக்கறி வறுத்துத் தின்றுகொண்டிருக்கும்போது எனக்கு அதற்கு மனம் வரவில்லை.]

மூன்றாவது: ராய்ஸ் பொறுமை இழந்து, அவள் தூங்கும்போது கதவை இழைத்துவிடுகிறார். [சத்தியம் செய்திருக்கிறார். மீற மாட்டார்.]

மூன்றையும் வைத்துக்கொண்டு திண்டாடியபோது, நேற்றுக் காலை நெல்டா சமையலறை ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். ராய்ஸ் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார்.

"கண்ணு, இந்தப் பக்கம் வா. வெளியிலேர்ந்து கதவை ஒரு தள்ளு தள்ளு."

பிளாஸ்டிக் புல்லின் மேல் நடந்து போனேன். உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். மேல் மூலையில் கிறீச்சென்று ஒரு உரசல். கதவு ஒரு சாண் உள்ளே போனது. அந்தச் சாண் அகலத்தில் நெல்டா வாக்கரோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"திறந்துருச்சு!" என்றேன்.

"கத்தாதே. மூடு, மூடு."

மூடினேன். ஜன்னலுக்கு வந்தாள்.

"அவன்கிட்ட சொல்லாதே."

"ஏன்? பாவம், நாள் பூரா வெயில்ல நின்னுட்டு..."

"தெரிஞ்சா உடனே வாசல்ல வந்து கையை நீட்டிட்டு நிப்பான். அவன் மூஞ்சியைப் பாத்துட்டு நான் மாட்டேன்னு சொல்ல முடியாது. கதவு சிக்கிட்டிருந்த வரைக்கும் எனக்கு ஒரு சாக்கு இருந்துச்சு, கண்ணு. இப்ப அதுவும் இல்ல."

"பயமா இருக்கா?"

"பின்ன?" என்றாள். "ஒரு தடவை தைரியத்தைச் சேத்து வெச்சு வந்தேன், கதவு வரல. மறுபடி முதல்லேர்ந்து சேக்கணும். ஆனா அவன் கூப்பிட்டு வரமாட்டேன். அவன் அந்தப் பக்கம் திரும்பித் தண்ணி விட்டுட்டு இருக்கும்போது நானா வந்து பின்னாடி நிப்பேன். அது என் வேலை."

இன்று காலை இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ராய்ஸ் வழக்கம் போல வந்துவிட்டார். குழாயைத் திறப்பதற்கு முன்னால் தினமும் செய்கிற மாதிரி, கால்சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, பீக்கான் மரத்தடியில் இருக்கிற இரும்பு நாற்காலியைத் துடைத்தார். பிறகு கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்கிறார். ஜன்னலில் நெல்டாவைக் காணோம். மேசை நாற்காலி காலியாக இருக்கிறது. அவள் கதவுக்குப் பின்னால் நிற்கிறாளா, குளியலறையில் இருக்கிறாளா, எனக்குத் தெரியாது.

"கதவு திறந்தது" என்று எழுதிவிட எனக்கு இரண்டே வார்த்தை போதும். எழுதினேன். அழித்துவிட்டேன். அந்தக் கதவை வெளியிலிருந்து ஒரு முறை தள்ளினதே போதும். இனிமேல் அது உள்ளேயிருந்துதான் திறக்க வேண்டும்.

கதவு சிக்கவில்லை என்பது இப்போது நெல்டாவுக்கும் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் அந்தச் சந்து வழியாகப் போக நேர்ந்தால், டுவெய்ன் மாதிரி ஏதாவது கிண்டல் பண்ணிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.